விளக்கை அணைக்கச் சொன்ன ஊதல்

அந்தக் கதை உங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்திருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர், 1862, வர்ஜீனியாவில் ஹாரிசன்ஸ் லேண்டிங் என்னும் இடம். ராத்திரி நேரம். வடக்குப் படையைச் சேர்ந்த கேப்டன் ராபர்ட் எலிகோம்ப், இரண்டு படைகளுக்கும் நடுவில் கிடந்து யாரோ முனகுவதைக் கேட்கிறார். எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாது. பறக்கும் குண்டுகளுக்குக் கீழே தவழ்ந்துபோய் அவனை இழுத்து வருகிறார். தன் பக்கம் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடுகிறது. லாந்தரை ஏற்றி முகத்தைப் பார்த்தால், பெற்ற மகன். தெற்கே இசை படிக்கப் போனவன் அப்பாவிடம் சொல்லாமல் எதிர்ப்படையில் சேர்ந்திருக்கிறான். எதிரிக்கு இராணுவ மரியாதை கிடையாது, வேண்டுமானால் ஒரே ஒரு வாத்தியக்காரனை வைத்துக்கொள் என்கிறார்கள் மேலதிகாரிகள். பையனின் சட்டைப் பையில் ஒரு காகிதம். அதில் அவனே எழுதி வைத்த மெட்டு. அப்பா அதை பியூகிள் என்னும் இராணுவ ஊதுகுழலில் ஊதச் சொல்கிறார். அன்றிலிருந்து இன்றுவரை இறந்த வீரர்களுக்கெல்லாம் ஊதப்படும் 'டாப்ஸ்' அதுதான். கீழே நான்கைந்து கைகூப்பும் பொம்மைகள்.

எனக்கு இதை அனுப்பியது மாமா. அம்மாவின் தம்பி, மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, வேலூர் பக்கம் சொந்த ஊரிலேயே இருப்பவர். பொய்க்கதைகளைப் பிடித்துத் திருத்தும் பழக்கத்தை நான் விட்டு நாளாகிறது. குழுவில் யாருக்கும் அது பிடிப்பதில்லை. இதை மட்டும் விட முடியவில்லை. தந்தை, மகன், எதிரெதிர்ப் படை, இசை, சட்டைப் பை என்று எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. தேடிப் பார்த்தால், வடக்குப் படையில் அப்படியொரு கேப்டன் இருந்ததற்குப் பதிவே கிடையாது. விநோதச் செய்திகளுக்குப் பேர்போன ராபர்ட் ரிப்ளி 1949-இல் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எடுத்துச் சொன்ன பிறகு இது ஊர் சுற்றத் தொடங்கியது என்பார்கள். அதோடு முடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பொய்க்கதையிலும் இடமும் ஆண்டும் மட்டும் சரியாகத்தான் இருந்தன. ஹாரிசன்ஸ் லேண்டிங், 1862. அங்கே நிஜமாக என்ன நடந்தது என்று படிக்கப் போனேன். படித்த பிறகு கதையின் மேல் இருந்த எரிச்சல் கோபமாகிவிட்டது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நமக்குக் கேட்ட ஊதல் வேறு

மாமா அனுப்பியதோடு ஒரு காணொளியும் இருந்தது. டெல்லியில் ஏதோ அஞ்சலி நிகழ்ச்சி. சீருடையில் வரிசையாக நின்று ஊதுகிறார்கள். அது டாப்ஸே கிடையாது. இந்தியாவில் நாம் கேட்பது 'லாஸ்ட் போஸ்ட்'. கலாமை ராமேஸ்வரத்தில் அடக்கம் செய்தபோதும் போர் நினைவகங்களில் மலர்வளையம் வைக்கும்போதும் நாம் கேட்டுப் பழகியது அதுதான். பிரிட்டிஷ் படை விட்டுப்போன சொத்து. டாப்ஸ் அமெரிக்கர்களுடையது, அவர்கள் எல்லைக்கு வெளியே அதற்கு அதிக வேலை இல்லை.

இரண்டுக்கும் பிறப்பு மட்டும் ஒரே மாதிரி. இரண்டுமே ராத்திரி வேலைக்கு வந்தவை. பிரிட்டிஷ் முகாமில் இரவுக் காவலை அதிகாரி சுற்றிப் பார்க்கத் தொடங்கும்போது ஃபர்ஸ்ட் போஸ்ட் ஊதுவார்கள். கடைசிக் காவல்நிலையையும் பார்த்து முடித்த பிறகு ஊதுவது லாஸ்ட் போஸ்ட். அதற்கும் முந்தைய வழக்கம் ஒன்று உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பகுதிகளில் தங்கியிருந்த படைகளில், பொழுது சாய்ந்ததும் ஒரு பறைக்காரர் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போவார். சாராயக் கடைக்காரர்கள் பீப்பாய்களை மூட வேண்டும், சிப்பாய்கள் குடியை நிறுத்திவிட்டு இருப்பிடம் திரும்ப வேண்டும் என்று அர்த்தம். இன்று லட்சக்கணக்கானவர்கள் தலைகுனிந்து நின்று கேட்கும் இசையின் வேர் டாஸ்மாக் மூடும் நேரத்தில் இருக்கிறது என்று மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் மாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

நீலகிரியில் வெலிங்டன் முகாமில் இருந்தபோது ராத்திரி ஊதுவார்களா என்று மாமாவிடம் கேட்டேன்.

"ஊதாம? லைட்ஸ் அவுட். அது ஊதுனா எங்களுக்கெல்லாம் ஒரே நிம்மதிடா. அப்பாடா, இனிமே எவனும் பேர் சொல்லிக் கூப்புட மாட்டான். குன்னூர் குளிருல கம்பளிக்குள்ள போறதுக்கு அதான் பர்மிஷன். காலைல எழுப்ப ஊதுவான் பாரு, அவனத்தான் எங்களுக்குப் புடிக்காது."

"அப்போ அழுகையெல்லாம் வராதா மாமா?"

"அதுக்கு எதுக்குடா அழுவாங்க? லாஸ்ட் போஸ்ட் வேற விஷயம். அதுக்கு நிக்கும்போது பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சியப் பாக்கக் கூடாது. பாத்தா போச்சு."

கதை பொய் என்றும் சொன்னேன். "எனக்குத் தெரியாதா? எந்த ஆர்மிலடா எதிரி பாக்கெட்ல இருந்த பேப்பர எடுத்து ஊதச் சொல்லுவான்?" என்றார். பின் ஏன் அனுப்பினீர்கள் என்றால், "நல்லா இருந்துச்சு, அனுப்புனேன்" என்று முடித்துவிட்டார்.

லாஸ்ட் போஸ்ட்டுக்கு உலகத்தில் மிகப் பெரிய வீடு பெல்ஜியத்தில் ஈப்பர் நகரத்து மெனின் வாசல். முதல் உலகப் போரில் அந்தப் பக்கத்தில் இறந்து உடலே கிடைக்காமல் போன 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அந்த வாசலில் செதுக்கியிருக்கிறார்கள். 1914 அக்டோபரில் அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. தினமும் இரவு 8 மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு ஊதுகிறார்கள். ஊதுபவர்கள் இராணுவத்தினர் இல்லை, ஊர்த் தீயணைப்புப் படைக்காரர்கள். எனக்கு அந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான். 1928-இல் தொடங்கிய வழக்கம், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் ஊர் இருந்த காலத்தில் மட்டும் அங்கே நின்றுபோனது. 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படை ஊரை மீட்டது. அன்று மாலையே மறுபடி ஊதிவிட்டார்கள். இது தனியாக எழுத வேண்டிய விஷயம். நான் வர்ஜீனியாவுக்குத் திரும்புகிறேன்.

உறையின் பின்பக்கம்

1862 ஜூன் கடைசி வாரம். வடக்குப் படை, தெற்கின் தலைநகரமான ரிச்மண்டின் வாசல்வரை போய், ஏழு நாள் தொடர் சண்டையில் அடிபட்டுப் பின்வாங்கியது. கொல்லப்பட்டவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று வடக்குக்கு 16,000 பேர். தெற்குக்கு 20,000 பேர். ஒரே வாரத்தில். மிஞ்சிய வடக்குப் படை ஜேம்ஸ் ஆற்றங்கரையில், பெர்க்லி என்னும் பழைய பண்ணையைச் சுற்றி ஹாரிசன்ஸ் லேண்டிங்கில் வந்து விழுந்தது. ஜூலை வெயில், கொசு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. லிங்கனே நேரில் வந்து படையைப் பார்த்துவிட்டுப் போனார். ஆகஸ்ட் நடுவில் கிளம்பும்வரை அத்தனை ஆயிரம் பேரும் அந்தக் கரையில்தான் கிடந்தார்கள்.

அங்கே ஒரு பிரிகேடுக்கு, அதாவது சில ரெஜிமென்டுகள் சேர்ந்த படைப்பிரிவுக்கு, தலைமை வகித்தவர் டேனியல் பட்டர்ஃபீல்ட். தொழில்முறைச் சிப்பாய் கிடையாது. நியூயார்க் மாநிலத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை. அப்பா அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், இவரும் அதில்தான் வேலை பார்த்தார். ஆள் கொஞ்சம் சிக்கலானவரும்கூட. போருக்குப் பிறகு அரசு கருவூலப் பதவியில் இருந்தபோது, 1869-இல் தங்கச் சந்தையை வளைத்துப் பிடிக்க நடந்த பெரிய சூதாட்டத்தில் இவர் பெயர் அடிபட்டு, ராஜினாமா செய்ய வேண்டிவந்தது. ஆனால் அந்த ஏழு நாள் சண்டையில், கெய்ன்ஸ் மில் என்ற இடத்தில், காயத்தோடு 83-ஆவது பென்சில்வேனியா ரெஜிமென்டின் கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்களைத் திரட்டியவரும் இவர்தான். அதற்கு முப்பது வருஷம் கழித்து அமெரிக்காவின் உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் கொடுத்தார்கள்.

அவருக்கு பியூகிள் பைத்தியம் உண்டு. அதில் தேவையும் கலந்திருந்தது. ஒரே மைதானத்தில் பல பிரிகேடுகள் நிற்கும்போது யாரோ ஒருவர் 'முன்னேறு' என்று ஊதினால், யாருக்கு ஊதினார் என்று தெரியாது. அதனால் தன் பிரிகேடுக்கென்று ஒரு முன்னொட்டு ஊதலை பட்டர்ஃபீல்ட் உண்டாக்கினார். முதலில் அது ஒலிக்கும், பிறகு கட்டளை. ஆட்கள் உடனே அதற்கு வரி கட்டிவிட்டார்கள்: "டேன், டேன், டேன், பட்டர்ஃபீல்ட், பட்டர்ஃபீல்ட்." நாள் முழுக்க நடந்து களைத்துக் கிடக்கும்போது அது கேட்டால் "டேன்" இருக்கும் இடத்தில் வசவு வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த ஊர் சிப்பாயும் ஒன்றுதான்.

இரவு விளக்கணைக்க அப்போது ஊதிக்கொண்டிருந்த ஒழுங்குமுறை ஊதல் பிரெஞ்சுப் படையிலிருந்து வந்தது. பட்டர்ஃபீல்டின் காதுக்கு அது ஒத்துவரவில்லை. படுக்கப் போகிறவனுக்கு ஊதுகிற மாதிரி இல்லை என்று நினைத்திருக்கிறார். ஜூலையில் ஒரு நாள், தன் பிரிகேடின் பியூகிள்காரரான ஆலிவர் வில்காக்ஸ் நார்ட்டனைக் கூப்பிட்டனுப்பினார். நார்ட்டனுக்கு அப்போது இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது. அந்த 83-ஆவது பென்சில்வேனியாவைச் சேர்ந்தவர். ஒரு கடித உறையின் பின்பக்கம் பென்சிலில் எழுதிய மெட்டைக் காட்டி, இதை ஊது என்றார் ஜெனரல். நார்ட்டன் பலமுறை ஊதினார். இந்த இடத்தை நீட்டு, அந்த இடத்தைக் குறை என்று ஜெனரல் சொல்லிச் சொல்லித் திருத்தினார். திருப்தியானதும், இனிமேல் ராத்திரி பழையதற்குப் பதில் இதை ஊது என்று அனுப்பிவிட்டார். அன்றிரவு நார்ட்டன் ஊதினார். அசைவில்லாத கோடை இரவில் அது பிரிகேடின் எல்லை தாண்டிக் கேட்டது. மறுநாளே பக்கத்து முகாம்களிலிருந்து பியூகிள்காரர்கள் வந்து, எங்களுக்கும் எழுதிக் கொடு என்று நின்றார்கள்.

இவ்வளவும் நமக்குத் தெரிவது நார்ட்டனால்தான், அதுவும் முப்பத்தாறு வருஷம் கழித்து. 1898-இல் ஒரு பத்திரிகையில் இராணுவ ஊதல்களைப் பற்றி வந்த கட்டுரை, டாப்ஸின் மூலம் மட்டும் பிடிபடவில்லை என்றது. சிகாகோவில் தொழிலதிபராகிவிட்டிருந்த நார்ட்டன் அதைப் படித்துவிட்டு, எனக்குத் தெரியும் என்று எழுதினார். பட்டர்ஃபீல்ட் அப்போது உயிரோடு இருந்தார். அவருக்கும் எழுதிக் கேட்டார்கள். ஆமாம், நடந்தது அதுதான், எனக்கு இசை எழுதத் தெரியாது, ஒரு ஸ்வரத்தின் பெயர்கூடத் தெரியாது, எழுதத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு காதால் கேட்டுக் கேட்டு அமைத்தேன் என்று பதில் வந்தது.

பிற்கால ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். 1835-ஆம் ஆண்டின் காலாட்படைக் கையேட்டில் ஒரு பழைய மாலை ஊதல் இருக்கிறது. பயன்பாட்டிலிருந்து போய்விட்ட அந்த ஊதலின் கடைசிப் பகுதி கிட்டத்தட்ட டாப்ஸேதான். ஆக, பட்டர்ஃபீல்ட் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எதையும் படைக்கவில்லை. எப்போதோ காதில் விழுந்து தங்கிப்போன ஒன்றின் வாலை எடுத்து, வேகத்தைக் குறைத்து, தட்டிக்கொட்டிச் சரிசெய்திருக்கிறார். இதைக் கண்டுபிடித்ததும் சிலர் அவருக்கு 'இசையமைப்பாளர்' என்ற பட்டம் கூடாது என்று சண்டைக்கு வந்தார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. ஒரு பழைய ஊதலை எங்கே வெட்ட வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தெரிந்திருப்பதும் ஒரு காதுதான். நம் நாகஸ்வரக்காரர்களிடம் கேட்டால் அதுதான் பாதி வித்தை என்பார்கள்.

மொத்தம் 24 ஸ்வரங்கள். பியூகிளில் விசை, பொத்தான் எதுவும் கிடையாது. உதட்டின் இறுக்கம் மட்டுமே. குழாய் இயற்கையாகத் தருவதைத் தவிர வேறொன்றும் வராது. டாப்ஸ் முழுவதும் கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம், மேலே ஒரு பஞ்சமம், இந்த நான்கே இடங்களில் நடக்கிறது. பாடிப் பாருங்கள்: பபஸ, பஸக, அதே பஸக இன்னும் மூன்று தடவை, ஸகப, கஸப, பபஸ. மத்யமம், நிஷாதம் எதுவும் இதில் இல்லை. மூன்று ஸ்வரத்தில் ராகம் அமைத்த பாலமுரளிகிருஷ்ணா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. ஏறிப்போய் மேல் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடுகிறது. பகல் முடிந்தது, சூரியன் போனது என்ற அர்த்தத்தில் தொடங்கும் வரிகள் பிற்பாடு யாரோ ஒட்டவைத்தவை. அவற்றுக்கு அதிகாரபூர்வ இடம் எதுவும் இல்லை, எனக்கும் அவை தேவைப்படவில்லை.

மூன்று வேட்டுக்குப் பதிலாக

இதுவரை இது ஒரு தூக்க ஊதல். மாமா சொன்ன அதே கம்பளி அனுமதி. இது எப்போது சாவுக்குப் போனது?

தூக்கத்தையும் சாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தமிழில் சொல்லப்பட்டவை உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். அந்த வழியாகப் போனால் விடை சுலபம்: நாள் முடிகிறது, வாழ்க்கை முடிகிறது, விளக்கு அணைகிறது, ஆகவே அதே ஊதல். நானும் அப்படித்தான் ஏதாவது இருக்கும் என்று நினைத்துப் படித்தேன். கிடைத்தது வேறு.

அதே 1862, அதே வர்ஜீனியா தீபகற்பம். கேப்டன் ஜான் டிட்பால் தலைமையிலிருந்த இரண்டாம் பீரங்கிப் படையின் 'ஏ' பேட்டரி என்ற வடக்குப் பீரங்கிப் பிரிவு, காட்டுக்குள் மறைவாக, எதிரிக்கு மிக அருகில் முன்னே தள்ளி நின்றிருந்தது. அந்த பேட்டரியில் ஒருவர் இறந்துபோனார். புதைக்க வேண்டும். வழக்கப்படி குழிக்கு மேலே மூன்று வேட்டு போட வேண்டும். அங்கே எப்படிப் போடுவது? எதிரி இருப்பது கூப்பிடு தூரத்தில். அமைதியாகக் கிடக்கும் கோட்டில் திடீரென்று துப்பாக்கிகள் சேர்ந்து வெடித்தால், தாக்குதல் தொடங்கிவிட்டது என்று நினைத்து அவர்கள் சுடுவார்கள். இவர்களும் திருப்பிச் சுட வேண்டிவரும். ஒருவரைப் புதைக்கப்போய் இன்னும் பத்துப் பேருக்குக் குழி தோண்ட வேண்டியிருக்கும். வேட்டுக்கு அனுமதி இல்லை. அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று யோசித்த டிட்பாலுக்கு இரவு ஊதல் நினைவுக்கு வந்தது. அதை ஊதச் சொன்னார்.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். முதலில் ஒரு சந்தேகம்: மறைந்திருக்கும் இடத்தில் பியூகிள் மட்டும் சத்தமில்லையா? பிறகு புரிந்த மாதிரி இருந்தது. விளக்கணைக்க ஊதுவது இரண்டு படைக்கும் தெரிந்த சத்தம். ஒவ்வொரு இரவும் அங்கிருந்தும் இங்கிருந்தும் எழுவது. எதிர் முகாமில் ஊதினார்கள் என்றால் அவர்கள் படுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். யாரும் துப்பாக்கியைத் தூக்க மாட்டார்கள். போர்க்களத்தில் யாரையும் பயமுறுத்தாத சத்தங்கள் எத்தனை இருந்திருக்கும்? அவற்றில் ஒன்று டிட்பாலின் கைக்குக் கிடைத்தது. இது என் வாசிப்பு, அவர் அப்படி எழுதிவைக்கவில்லை.

மூன்று வேட்டின் கதையும் இதில் சேர்கிறது. பழைய காலத்தில் இறந்தவர்களை அப்புறப்படுத்துவதற்காகச் சண்டையை இடையில் நிறுத்துவார்களாம். வேலை முடிந்ததும் மூன்று வேட்டு: எங்கள் பிணங்களை எடுத்துவிட்டோம், சண்டையைத் தொடரலாம். அஞ்சலி என்று நாம் நினைக்கும் அந்த வேட்டுக்கு மூல அர்த்தம் அதுதான் என்று சொல்வார்கள். டிட்பாலின் காட்டில் அந்த மூல அர்த்தம் அப்படியே உயிரோடு இருந்தது. சுட்டிருந்தால் நிஜமாகவே சண்டை தொடங்கியிருக்கும். அதற்குப் பதிலாகப் போனது, எல்லாரும் படுங்கள் என்று சொல்லும் ஊதல். இதில் கவிதை இருக்கிறதுதான், ஆனால் கவிதைக்காக யாரும் செய்யவில்லை. சுட முடியாததால் செய்தார்கள்.

மற்ற பேட்டரிகளும் ரெஜிமென்டுகளும் அதைப் பிடித்துக்கொண்டன. போர் முடிவதற்குள் தெற்குப் படையும் அதே மெட்டை ஊதத் தொடங்கிவிட்டது. 1891-இல் இராணுவ விதிமுறையிலேயே அடக்கச் சடங்கின் பகுதியாக ஏறியது. இன்று அமெரிக்க இராணுவ அடக்கத்தில் மூன்று வேட்டும் உண்டு, அது முடிந்ததும் டாப்ஸும் உண்டு. ஒன்றுக்குப் பதிலாக வந்தது அதற்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக நின்றுவிட்டது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். வழக்கமாகச் சொல்லப்படும் குறிப்பில் கேப்டனின் பெயர் இருக்கிறது, பேட்டரியின் எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. இறந்தவரின் பெயர் இல்லை. பீரங்கிப் படை வீரர் ஒருவர், அவ்வளவுதான். எந்த ஊர், என்ன வயது, குண்டா காய்ச்சலா எதுவும் அதில் இல்லை. வாட்ஸப் கதை அந்த ஆளின் குழிக்குள் ஒரு கற்பனை மகனைக் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டது. அவனுக்கு முகம் உண்டு, இசைப் படிப்பு உண்டு, அழுவதற்கு அப்பா உண்டு. நிஜமான ஆளுக்கு அந்தக் குறிப்பில் இருப்பது, ஒழுங்காக அனுப்பிவைக்க வேண்டும் என்று நினைத்த ஒரு மேலதிகாரி மட்டும்தான்; இரத்த உறவு எதுவும் இல்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மகனுக்காக எந்த அப்பாவும் தவழ்ந்து போவார். தன் கீழ் வேலை பார்த்த ஒருவருக்கு வேட்டு போட முடியவில்லையே என்று ஒரு கேப்டன் மாற்று தேடியது அவ்வளவு சாதாரணமில்லை. நம் ஆட்களுக்கு ஏனோ உறவு இல்லாத துக்கம் நம்பும்படியாக இருப்பதில்லை. அப்பா, அம்மா, தங்கை என்று யாராவது வந்தால்தான் கண் கலங்குகிறது. இது அமெரிக்கர்களுக்கும் பொருந்தும் போலிருக்கிறது, கதையைக் கட்டியவர்கள் அவர்கள்தானே.

பட்டர்ஃபீல்ட் 1901-இல் இறந்தார். வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் படிக்காதவர், ஆனாலும் அங்குள்ள கல்லறையில் இடம் கிடைத்தது. அவருக்கும் டாப்ஸ் ஊதினார்கள். அவர் கல்லறையில் எழுப்பிய பெரிய நினைவுச் சின்னத்தில் போர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த 24 ஸ்வரங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. பெர்க்லி பண்ணையில் மட்டும் 1969-இல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள்.

ஆறாவது ஸ்வரம்

இந்த ஊதலை உலகமே ஒரே நேரத்தில் கேட்டது 1963 நவம்பர் 25 அன்று, ஆர்லிங்டன் இராணுவக் கல்லறையில் அதிபர் கென்னடியின் அடக்கத்தின்போது. ஊதியவர் சார்ஜென்ட் கீத் கிளார்க், இராணுவ இசைக்குழுவின் முதன்மை பியூகிள்காரர். அன்றைய குளிரில் மணிக்கணக்கில் நின்றபடி காத்திருந்தவர். வேட்டுக் கோஷ்டி அருகிலேயே சுட்டு முடித்த கையோடு ஊத வேண்டும். பபஸ சரியாக வந்தது. பஸ வந்தது. ஆறாவது ஸ்வரம், மெட்டில் முதல்முறையாக வரும் அந்தக் காந்தாரம், உடைந்தது. ஒரு நொடிக்கும் குறைவு. மிச்சம் பதினெட்டும் பிசிறில்லாமல் வந்தன. அவர் வேண்டுமென்றே விம்மல் மாதிரி ஊதினார் என்று பலரும் நம்பினார்கள். அப்படி இல்லை, உதடு மரத்துப்போனால் பியூகிளில் இது நடக்கும். ஊதுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அடுத்த சில வாரங்களுக்கு ஆர்லிங்டனில் ஊதிய மற்றவர்களுக்கும் அதே இடத்தில் சறுக்கியதாக ஒரு பேச்சு உண்டு. மனப்பயமாக இருக்கலாம். எப்படியோ, அந்தப் பதிவைக் கேட்ட பிறகு துல்லியமான பதிவுகள் எனக்குக் கொஞ்சம் தூரமாகவே கேட்கின்றன.

துல்லியத்தைப் பற்றி இன்னொன்று. 2000-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் முன்னாள் வீரர் யார் இறந்தாலும், குடும்பம் கேட்டால், குறைந்தது இரண்டு சீருடைக்காரர்கள் வந்து கொடியை மடித்துக் கொடுத்து, டாப்ஸ் ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது சட்டம். இரண்டாம் உலகப் போர்த் தலைமுறை தினமும் ஆயிரத்துக்கு மேல் இறந்துகொண்டிருந்த காலம் அது. இராணுவத்தில் அத்தனை ஊதுபவர்கள் இல்லை. முதலில் குறுந்தகட்டை ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. பிறகு பியூகிளின் விரிந்த முனைக்குள் பொருத்தும் ஒரு சின்னக் கருவி வந்தது. பொத்தானை அழுத்திவிட்டு உதட்டில் வைத்துக்கொண்டு நின்றால் போதும், சில நொடிகளில் அதுவே ஊதும். 2003-இல் பாதுகாப்புத் துறை ஒப்புதல் கொடுத்தது. அதற்கும் முன்பே, நேரில் போய் ஊதுவதற்கென்று ஊரூராகத் தன்னார்வலர்கள் சேர்ந்து 'பியூகிள்ஸ் அக்ராஸ் அமெரிக்கா' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள்.

படித்ததும் முகம் சுளித்தேன். நாகஸ்வரத்துக்குப் பதில் சிடி போடும் கல்யாண மண்டபங்கள் மேல் எனக்கு இருக்கும் அதே வெறுப்பு. மாமாவிடம் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஆள் இல்லேன்னா என்ன பண்ணுவான்? பொணத்த வெச்சுக்கிட்டு எத்தன நாள் காத்துக்கிட்டு இருப்பான்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. டிட்பாலும் வேட்டு போட முடியாததால்தானே ஊதலுக்குப் போனார். ஊத ஆள் கிடைக்காததால் பொத்தானுக்குப் போனவர்களை அந்த வரிசையிலிருந்து எப்படித் தள்ளிவைப்பது?

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. டிட்பால் பதிலுக்குக் கொண்டுவந்ததை ஊதல் என்றே வெளிப்படையாக ஊதினார். வேட்டு போட்ட மாதிரி யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. இந்தக் கருவியோ ஊதுகிற மாதிரி நிற்கச் சொல்கிறது. கன்னத்தை உப்பிக்கொள், முடிந்ததும் இறக்கு. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அது நிஜம் என்று தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவும். வேண்டாம் என்று சொல்லவில்லை. சடங்கு தொடங்கும் முன்பே அந்தக் குடும்பத்திடம் போய், அம்மா, எங்களிடம் ஊத ஆள் இல்லை, இதில் பதிவுதான் வரும், பரவாயில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். பெரும்பாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள்.